ஒன்பதாம் வகுப்புக்கு முதல்முறை வகுப்பாசிரியரா? லீடரைக் கைகாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, "ஒன்பது பி உங்களுக்கு" என்பார். வகுப்புக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவன் கேட்பான்: "சார், லீடர் யாரு சார்?" புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்வது. நானும் சொன்னேன். முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த, எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பையனைக் கைகாட்டினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

நான் ஆபீஸ் வேலையாக வெளியே போகும்போதெல்லாம் அவன் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்கள் பெயரை எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒருநாள் திரும்பி வரும்போது தாழ்வாரத்திலேயே இரைச்சல் கேட்டது. உள்ளே போகாமல் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பலகையில் பதினோரு பெயர்கள். சில பெயர்களுக்கு நான்கு பெருக்கல் குறி. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அப்போது கடைசி பெஞ்சில் ஒருவன், தலையை நிமிர்த்தாமல் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே, "டேய், போதும்டா" என்றான். வகுப்பு அடங்கிவிட்டது. அத்தனை பேர் பெயரை எழுதியவன் இவன் பெயரை மட்டும் எழுதவில்லை. நான் லீடர் என்று வைத்திருந்தவன் என்னுடைய எழுத்தர்தான். வகுப்பின் லீடர் வேறு இடத்தில் இருந்தான்.

எல்லா வகுப்பிலும் இப்படித்தான். நீங்கள் நியமிப்பதற்கு முன்பே அங்கே ஒரு தலைமை இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, தலைவர் மாதிரி இருக்கிறவரைத் தேட வேண்டாம். யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதல் இரண்டு வாரம்: பார்ப்பது மட்டும்

"லீடர் ஜூலையில், அதுவரை எல்லோருக்கும் முறை வைத்து வேலை" என்று சொல்லிவிடுங்கள். சாக்பீஸ் எடுத்து வருவது, வருகை எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவது எல்லாம் பதிவேட்டு வரிசைப்படி நாளுக்கு இரண்டு பேர். இதனால் யாருக்கும் குறை இருக்காது.

பாடம் நடத்தும்போது வகுப்பு உங்களுக்காக நடிக்கும். அதனால் பார்க்க வேண்டிய இடம் வெளியே இருக்கிறது: சத்துணவு வரிசை, தண்ணீர்க் குழாய், பி.டி. பீரியட், பேருந்து நிறுத்தம், முக்கியமாக சைக்கிள் நிறுத்துமிடம். மாலை மணி அடித்ததும் அங்கே போய் ஏதோ வேலை இருப்பதுபோல நில்லுங்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து பூட்டோடு மல்லுக்கட்டுவான். நான்கு பேர் வெயிலில் பையைச் சுமந்தபடி அவனுக்காக நிற்பார்கள். பக்கத்தில் இன்னொருவனுக்குச் செயின் கழன்றிருக்கும். அவனோடு வந்தவர்கள் "வந்துருடா" என்று சொல்லிவிட்டுப் போயே விடுவார்கள். யாருக்காக நிற்கிறார்கள், யாரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை அன்றன்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

வகுப்புக்குள் பார்க்க ஒன்றே ஒன்றுதான். யாராவது ஜோக் அடித்தால், சிரிப்பதற்கு முன் மற்றவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவன் சிரித்தால்தான் சிரிப்பு பரவும்.

1950களின் கடைசியில் டெக்ஸ்டர் டன்ஃபி என்ற சமூகவியலாளர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இளவட்டங்களோடு சுற்றித் திரிந்து அவர்களுடைய கூட்டங்களைப் பதிவு செய்தார். ஒரு செட்டில் மூன்று முதல் ஒன்பது பேர் வரைதான் இருந்தார்கள். செட்டுக்கு ஒரு தலைவர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கண்டது இன்னொரு பொறுப்பும் உண்டு என்பது: கலகலப்புக்காரன். எல்லோருக்கும் பிடித்தவன், இறுக்கம் வந்தால் ஒரு கமெண்ட் அடித்துத் தளர்த்துகிறவன். ஆனால் தலைவன் அல்ல. நம்மூர் வகுப்புக்கு அவர் சொன்னது எல்லாம் ஒட்டாது. ஆணும் பெண்ணும் கலந்த பெரிய கூட்டமாகச் செட்டுகள் சேர்வதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே மணி அடித்ததும் பெண்கள் ஒரு வாசல், பையன்கள் ஒரு வாசல். ஆனால் செட்டின் அளவும் இந்த இரட்டைப் பொறுப்பும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் கலகலப்புக்காரனைத் தலைவன் என்று நினைத்து அவனிடம் மோதி வீணாகிறார்கள். அவன் பாவம், யாரோ ஒருவனைச் சிரிக்க வைக்கத்தான் உங்களிடம் அடி வாங்குகிறான்.

மூன்றாம் வாரம்: சீட்டு எழுதச் சொல்லுங்கள்

பி.எட். படித்தபோது 'சமூக அளவியல்' என்று ஐந்து மதிப்பெண் விடை ஒன்று எழுதியிருப்பீர்கள்: யார் யாரோடு சேர விரும்புகிறார்கள் என்று கேட்டுப் படமாக வரையும் முறை. மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த விஷயம் வகுப்பறையில் நிஜமாகவே வேலை செய்யும். அதைத் தொடங்கிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரினோ 1930களில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில், பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே 1932இல் இரண்டே வாரத்தில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். அந்தப் பெண்களின் குணத்தில் காரணம் தேடிக்கொண்டிருக்காமல், யார் யாரைத் தோழியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்ற படத்தை எடுத்து வைத்தார் மொரினோ. ஓடிப்போனவர்களை அந்த உறவுக்கோடுகள் இணைத்தன. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு அந்த எண்ணம் கோடு வழியாகவே போயிருந்தது. தங்கள் முடிவு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

செய்முறை எளிது. அரைத்தாள் கொடுங்கள். மேலே அவரவர் பெயர். கீழே இரண்டு கேள்வி:

ஒன்று, கணக்கு வீட்டுப்பாடம் சேர்ந்து செய்ய யாரோடு உட்கார விரும்புவாய்? மூன்று பெயர்.
இரண்டு, சுற்றுலா போனால் பேருந்தில் யார் பக்கத்தில் இருந்தால் நல்லது? மூன்று பெயர்.

கேள்வி உண்மையாக இருக்க வேண்டும். கேட்டுவிட்டு, அடுத்த வாரம் இருக்கை மாற்றும்போது ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று பேரில் ஒருவரையாவது பக்கத்தில் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை விளையாட்டாக எழுதித் தருவார்கள். எழுதும்போது பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்காதபடி தள்ளி உட்கார வையுங்கள்.

"யாரைப் பிடிக்காது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆய்வாளர்கள் கேட்பதுண்டு, அவர்கள் கணக்கெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் மார்ச் வரை அந்த வகுப்பில் இருக்க வேண்டும். இடைவேளையில் "நீ யாரு பேர எழுதுன?" என்று ஆரம்பித்துவிடும்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு சார்ட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, தேர்ந்தெடுத்தவரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அம்பு வரையுங்கள். நாற்பது பேர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும். வீட்டுப்பாடக் கேள்விக்கு நீலம், பேருந்துக்குச் சிவப்பு. இரண்டு நிறமும் ஒரே ஆளிடம் குவிந்தால் அபூர்வம். பெரும்பாலும் நீலம் ஒருவரிடம் சேரும், சிவப்பு வேறொருவரிடம் சேரும். இருபக்கமும் அம்பு போகும் ஜோடிகள் தெரியும். ஒரு அம்புகூட வராத வட்டங்களும் நிச்சயம் இருக்கும். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் படும். 'கெத்து' என்று வகுப்பே சொல்லும் ஒருவனுக்கு நீங்கள் நினைத்த அளவு அம்பு இருக்காது. பிடித்தவன் வேறு, பெரிய ஆள் வேறு. பயத்தில் பின்னால் போகிறவர்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார என்று வரும்போது வேறு பெயரைத்தான் எழுதுவார்கள்.

ஜூலை: பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது

பெயர் எழுதும் வேலையை முதலில் ஒழித்துவிடுங்கள். பதினான்கு வயதுப் பையனிடம் நம் போலீஸ் வேலையைக் கொடுத்துவிட்டு, அவனுக்கு நண்பர்கள் இல்லை என்று பின்னால் வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்த இருவரும் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 1939இல் வெளியானது. முகமூடி செய்வது போன்ற கைவேலைக்குழுக்கள். சில குழுவில் பெரியவர் எல்லாவற்றையும் ஆணையிட்டார், சிலவற்றில் கலந்து பேசி முடிவெடுத்தார், சிலவற்றில் 'உங்கள் இஷ்டம்' என்று ஒதுங்கிக்கொண்டார். ஆணையிட்ட இடத்தில் வேலை நன்றாகவே நடந்தது, அவர் அறையில் இருந்தவரை. வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுக்களில் அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே ஓடியது. வகுப்பாசிரியருக்கு இதைவிடத் தேவையான செய்தி கிடையாது, ஏனென்றால் நாம் பாதி நேரம் அறையில் இருப்பதில்லை. மூன்றாவது வகை, ஒதுங்கிக்கொள்வது, ஜனநாயகம் என்ற பெயரில் பலர் செய்வது. அதில் வேலையும் நடக்காது, சண்டைதான் மிச்சம்.

ஒரே லீடர் என்பதை விட்டு வேலையை உடையுங்கள். நூலகப் புத்தகம் ஒருவர், குடிநீர் ஒருவர், விளையாட்டுச் சாமான் ஒருவர், வராதவர்களுக்குப் பாடக்குறிப்பு சேர்ப்பது ஒருவர். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம் இருந்தால் அங்கும் ஆட்களை அனுப்பலாம். அரசுப் பள்ளி என்றால் 2024இல் தொடங்கிய மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு. வகுப்புச் செட்டுகள் அந்தக் குழுக்களில் சிதறுவது நல்லதுதான். வகுப்பில் வாயே திறக்காத பெண், நெய்தல் குழுவில் சத்தமாக உத்தரவு போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் வைக்கலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, ஜூலையில் வேண்டாம். ஒருவரையொருவர் வேலையில் பார்க்காத வகுப்பில் ஓட்டு தெருவைப் பார்த்து விழும், சாதியைப் பார்த்து விழும், பையன்கள் பையனுக்கும் பெண்கள் பெண்ணுக்கும் போடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்புகளைச் சுழற்றி, காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து வந்ததும் வையுங்கள். அப்போது, "குடிநீர்ப் பொறுப்பை யார் ஒழுங்காகப் பார்த்தார்கள்" என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கடைசி பெஞ்ச்காரனை என்ன செய்வது? பதவி கொடுத்து விலைக்கு வாங்கப் பார்க்காதீர்கள். செட்டில் அவன் பெயர் கெட்டுவிடும், உங்களுக்கும் பயன்படமாட்டான். நான் அவனிடம் ஆண்டு விழா மேடை வேலையைக் கேட்டேன். "இத்தனை பெஞ்சு, ஒரு மணி நேரம், உடையக் கூடாது. எப்படிச் செய்யலாம், சொல்லுடா." அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் எட்டுப் பேரோடு வந்தான்.

பின்னால் போகிறவர்கள்: பாதி வேலை இங்கேதான்

தலைமைப் பண்பு என்று ஊரெல்லாம் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் எந்த நேரத்திலும் பின்பற்றுகிறவர்கள்தான்; அதற்குப் பயிற்சி தருவார் யாரும் இல்லை. ராபர்ட் கெல்லி என்பவர் 1988இல் அலுவலகங்களை வைத்து இதை எழுதினார். பின்பற்றுகிறவர்களை அவர் இரண்டு கேள்வியால் பிரித்தார்: தானாக யோசிக்கிறாரா, தானாக இறங்கி வேலை செய்கிறாரா? வகுப்புக்கு இது அழகாகப் பொருந்தும். யோசிக்காமல் சுறுசுறுப்பாக இருப்பவனைப் பிள்ளைகளே 'அல்லக்கை', 'சொம்பு' என்பார்கள். யோசிப்பான், ஆனால் எதிலும் இறங்கமாட்டான் என்றால் அவன் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நக்கலடிக்கிறவன். இரண்டும் இல்லாதவர்கள் ஆட்டுமந்தை. இரண்டும் உள்ளவர் ஒரு செட்டுக்கு ஒருவர் தேறினாலே பெரிது. "டேய், இது வேணாம்டா" என்று செட்டுக்கு உள்ளேயிருந்து சொல்லக் கூடியவர் அவர்தான். வகுப்பில் எனக்கு லீடரைவிட முக்கியமானவர் அவர்.

ஏன் இது கடினம் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் இருவர் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது மிக அதிகமாக ரிஸ்க் எடுத்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. கூட்டாளிகளின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் தெம்பு 14 வயதிலிருந்து 18 வரை படிப்படியாகக் கூடுகிறது என்றும் ஸ்டைன்பெர்க் பின்னர் காட்டினார். நம் ஒன்பதாம் வகுப்பு அந்தப் படிக்கட்டின் அடியில் நிற்கிறது. தனியாகக் கூப்பிட்டால் "தப்புதான் சார்" என்று கண்கலங்குகிறவன், நான்கு பேர் முன்னால் அதையே மறுபடி செய்வான். அவன் பொய் சொல்லவில்லை, இரண்டும் அவன்தான்.

அதனால் 'தைரியமாக மறுத்துவிடு' என்ற அறிவுரை எடுபடாது. மானம் போகாமல் நழுவும் வழியைச் சொல்லிக் கொடுங்கள். நான் வகுப்பிலேயே கேட்பேன்: "குளத்துக்குக் குளிக்கப் போலாம்னு செட்டே கிளம்புது. உனக்கு நீச்சல் தெரியாது. என்ன சொல்லுவ?" முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வரிசையாக வரும்: "எங்கப்பா பைக்ல தேடி வந்துருவாருடா." "டியூஷன் சார் போன் பண்ணிடுவாரு." "தங்கச்சிய கூட்டிட்டுப் போகணும்." ஒரு பெண், "நான் வரல, ஆனா உங்க பையைப் பாத்துக்கறேன்" என்றாள். செட்டையும் விடவில்லை, தண்ணீரிலும் இறங்கவில்லை. இந்தப் பதில்களைப் பலகையில் எழுதி வைத்தோம். பெயர் எழுதிய அதே ஓரத்தில்.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது போட்டுக்கொடுப்பது. ஒருவனை ஆபத்திலிருந்து மீட்பதற்காகச் சொன்னால் அது வேறு. நீங்களும் வகுப்பின் நடுவே எழுப்பி, "யார் செஞ்சது, சொல்லு" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்கு இரண்டே வழிதான்: பொய் சொல்ல வேண்டும், அல்லது செட்டை இழக்க வேண்டும். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

அம்பு வராத வட்டங்கள்

தனியாக இருக்கும் பிள்ளையை வகுப்பின் நட்சத்திரத்துக்கு, அதாவது அம்பு அதிகம் வாங்கியவருக்கு, பக்கத்தில் உட்கார வைப்பது வழக்கமான தவறு. நட்சத்திரத்துக்கு நேரம் இருக்காது. அந்தப் பிள்ளை எழுதிய மூன்று பெயரில், அம்பு குறைவாக வாங்கிய அமைதியான ஒருவரைப் பாருங்கள். அவர் பக்கத்தில் போட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஒரு நண்பர் போதும். இன்னும் ஒன்று, தனியாக இருக்கும் எல்லோரும் துக்கத்தில் இல்லை. சிலருக்கு நண்பர்கள் தெருவில் இருப்பார்கள், கபடி டீமில் இருப்பார்கள். கேட்டுவிட்டு வருத்தப்படுங்கள்.

இரண்டு செட்டு மோதினால்

இரண்டு தரப்பையும் கைகுலுக்க வைத்து அனுப்புவது அன்று மாலை நான்கரை வரை தாங்கும். 1954இல் முசாபர் ஷெரிப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து முகாம் நடத்தினார். போட்டிகள் வைத்ததும் கொடி எரிப்பு வரை போனது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார், படம் காட்டினார், எதுவும் பலிக்கவில்லை. முகாமுக்குத் தண்ணீர் நின்றபோதும், சாப்பாட்டு லாரி நகராமல் நின்றபோதும்தான் சேர்ந்தார்கள். லாரியை இழுக்க அவர்கள் எடுத்தது, முன்பு எதிரெதிரே நின்று பலம் பார்த்த அதே கயிறு. உங்கள் வகுப்பில் இரண்டு செட்டும் சேராமல் முடியாத வேலை ஒன்றைத் தேடுங்கள். மழையில் ஒழுகும் வகுப்பறையை அறிவியல் கண்காட்சிக்குத் தயார் செய்வதுகூட அப்படி ஒன்றுதான்.

ஆனால் மோதல் சாதியில் தொடங்கியிருந்தால் கயிறு இழுத்துத் தீராது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவரோடு படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. மணிக்கட்டைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நிறக் கயிறு ஐந்து கையில் தெரிந்தால் அந்த செட்டின் தலைவன் உங்கள் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளிக்கு வெளியே இருபத்தைந்து வயதில் ஒரு அண்ணனாக இருக்கலாம். தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் அன்றே தலைமையாசிரியரிடம் போங்கள். பெற்றோரைக் கூப்பிடும்போது இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் வாசலில் சந்திக்க விடாதீர்கள்.

வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அதற்குள் போக முடியாது, போகவும் வேண்டாம். திங்கள்கிழமை காலை யார் முகம் தொங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஞாயிறு ராத்திரி குழுவிலிருந்து யாரையோ நீக்கியிருப்பார்கள்.

இது உங்கள் வேலை இல்லை என்னும் இடம்

ஒரு பிள்ளையை மிரட்டிப் பணம் வாங்குகிறார்கள், அடிக்கிறார்கள், போதைப்பொருள் புழங்குகிறது, ஒரு பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் சீட்டும் அம்பும் உதவாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. பாலியல் சீண்டல் என்று தெரிய வந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "பள்ளி பேர் கெட்டுடும்" என்று யார் சொன்னாலும் மறைப்பது குற்றம். பிள்ளையிடம் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

ஜனவரி: மறுபடி சீட்டு

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அதே இரண்டு கேள்வியை மறுபடி கேளுங்கள். பழைய சார்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் பெரும்பாலும் மாறியிருக்காது. அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். அம்பே வராத வட்டங்களை மட்டும் எண்ணுங்கள். என் முதல் வருடம் ஜூனில் ஆறு இருந்தது, ஜனவரியில் இரண்டு.

சார்ட்டை ஆசிரியர் அறையில் விரிக்காதீர்கள். அடுத்த வருடம் வகுப்பை எடுத்துக்கொள்கிறவர் வந்து "யார் யாரெல்லாம் மோசம்?" என்று கேட்பார், அவருக்கு யார் பக்கத்தில் யார் இருந்தால் நன்றாக இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். சீட்டுகளைப் பொடிப்பொடியாகக் கிழித்து உங்கள் வீட்டுக் குப்பையில் போடுங்கள். வகுப்புக் குப்பைக்கூடையில் வேண்டாம். இன்றைக்கு வகுப்பைக் கூட்டும் முறை யாருடையது என்று உங்களுக்கு நினைவிருக்காது, அவர்களுக்கு இருக்கும்.